மெத்தைகள் குடித்த ஓசை

முக்கூடல் பக்கம் புதிதாக எழும்பும் கல்யாண மண்டபங்களில், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் நலம் விசாரிக்கக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. தவில்காரர் மேலோ மைக்செட்காரர் மேலோ குற்றமில்லை. தரை முழுக்க டைல்ஸ், மேலே கான்கிரீட், பக்கத்தில் கண்ணாடி. விழுந்த ஓசையை இவற்றில் எதுவும் உள்வாங்குவதில்லை; மாறி மாறித் திருப்பி எறிகின்றன.

இதற்கான மருந்து அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதற்குள் பத்துப் பதினைந்து சொற்கள் அதன்மேல் ஏறிவிடும். சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது.

ஊர் அடங்கிய பிறகுதான் அவருக்கு வேலை. அதே பல்கலைக்கழகத்தின் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்குவார். ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு நிறுத்துவார். ஓசை காதுக்கு எட்டாமல் போகும் நேரத்தை அளப்பார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். தன் சட்டையும் கோட்டும்கூட ஓசையைக் குடிக்கின்றன என்று கண்டதும், அளக்கும்போதெல்லாம் ஒரே உடையை அணிந்தார். அந்தப் பிடிவாதத்தில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை.

அவர் கண்ட கணக்கு: இடத்தின் கன அளவு கூடினால் எதிரொலி நீளும். உறிஞ்சும் பரப்பு கூடினால் குறுகும். இந்தக் கணக்கை வைத்து எழுந்த முதல் அரங்கம், 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால்.

மெத்தைக்குள் நடப்பது இதுதான்: ஓசை என்பது காற்றின் அசைவு. நாரின் நுண்ணிய இடுக்குகளில் அந்தக் காற்று உரசி, ஆற்றல் துளி வெப்பமாகிவிடுகிறது. கீச்சுக் குரலுக்கு மெல்லிய நார் அட்டை போதும். கனத்த ஓசைக்குத் தடிமன் வேண்டும், அல்லது அட்டைக்கும் சுவருக்கும் நடுவே காற்றிடைவெளி வேண்டும். வெளியே போகும் லாரிச் சத்தத்தை இது தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத சன்னலும்தான் வழி.

முக்கூடலிலிருந்து ஆற்றைத் தாண்டிச் சேரன்மகாதேவி வழியே போனால் பத்தமடை. கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர். பாயை அப்படியே சுவரில் ஒட்டினால் பலன் கொஞ்சம்தான். பின்னால் தேங்காய்நார் அட்டையும் இடைவெளியும் வைத்துப் பார்க்கலாம். நார் ஓசையை நன்றாக உறிஞ்சுவதை மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தீப்பிடிக்காத பூச்சு மட்டும் கட்டாயம்.

மண்டபத்தைவிட எனக்குப் பெரிய கவலை வகுப்பறை. உயிரொலி நீண்டு முழங்கும். க, ச, த, ப எல்லாம் நொடிப்பொழுதில் பிறந்து மறைபவை. முந்தைய எழுத்தின் எதிரொலியில் அவை மூழ்கினால், கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குப் பாடம் பாதிதான் போய்ச் சேரும். பள்ளிக்கூடம் கட்டும்போதே கூரையின் அடிப்பக்கத்தில் உறிஞ்சும் பலகை பதிக்கச் சொல்லிப் பெற்றோர்கள் கேட்க வேண்டும்.