அகதி வழக்கும் கூகிளும்: பெயர் வெளியே வரும் வழி

றிச்மண்ட் ஹில்லில் பேஸ்மென்ட் ஒன்று வாடகைக்குக் கேட்டுப் போனால், வீட்டுக்காரர் முதலில் பெயரைக் கூகிளில் தட்டிப் பார்ப்பார். வேலை தருபவரும் அதையே செய்வார். கலியாணம் பேசும்போது எங்கள் ஆட்களும் செய்கிறார்கள். அப்படித் தேடும்போது பழைய அகதி வழக்கொன்றின் தீர்ப்பு முதலாவதாக வந்து நின்றால் என்ன செய்வது?

அகதி விசாரணை இரகசியமானது என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. குடிவரவு, அகதிகள் சபையில் கோரிக்கை விசாரணை சட்டப்படி மூடிய அறையில் நடக்கும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மீளாய்வுக்காகச் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போனதும் கதை மாறிவிடும். நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்த இடம். தீர்ப்பின் தலைப்பிலேயே விண்ணப்பதாரரின் முழுப்பெயர் இருக்கும். உள்ளே ஊர், கைதான விபரம், முகாம், சித்திரவதை, ஊரில் உள்ள உறவினர் பற்றிய தகவல் என்று எல்லாம் வரலாம். 2014 மார்ச்சில் 16 அமைப்புகளோடு 424 தனியாட்களின் பெயர்களையும் வர்த்தமானியில் போட்ட நாடு இலங்கை. ஒரே பெயரில் எத்தனையோ பேர் உள்ள எங்கள் சமூகத்தில் இது சின்ன விடயம் அல்ல.

பெயரை மறைக்க வழி உண்டு. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் வந்த 492 பேரில் சிலரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 நவம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு இன்றும் 'பி010' என்ற இலக்கத்தாலேயே அறியப்படுகிறது. சாதாரண விண்ணப்பதாரருக்கும் 2021 இல் சமஷ்டி நீதிமன்ற விதிகள் இதை இலகுவாக்கின. மீளாய்வுக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்திலேயே பெயர் மறைப்புக் கட்டளையையும் கேட்கலாம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கோப்புப் போட முதல் சட்டத்தரணியிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.

பழைய தீர்ப்புகளில் பெயர் உள்ளவர்கள் என்ன செய்வது? கனடாவின் தீர்ப்புகளை இலவசமாகத் தரும் கன்லி தளம், தன் பக்கங்களிலுள்ள தீர்ப்புகளைக் கூகிள் போன்றவை அட்டவணைப்படுத்த விடுவதில்லை. தேடுபவர் அந்தத் தளத்துக்கே போய்த் தேடவேண்டும். இந்தச் சிறு தடுப்பு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது, ருமேனியாவிலிருந்து இயங்கிய குளோப்24எச் என்ற தளம் வந்தபோதுதான் விளங்கியது. அது கனேடியத் தீர்ப்புகளை அள்ளி எடுத்துத் தேடுபொறிகளுக்குத் திறந்துவிட்டது. பெயரைக் கெதியாக நீக்கவேண்டுமென்றால் காசு கட்டவேண்டும். பெரிய புத்திசாலித்தனமான வியாபாரம்! முறைப்பாடுகள் நியாயமானவை என்று தனியுரிமை ஆணையாளர் அலுவலகம் 2015 இல் முடிவுசெய்தது. 2017 ஜனவரியில் சமஷ்டி நீதிமன்றம், தளம் வெளிநாட்டில் இருந்தாலும் கனேடியச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, தீர்ப்புகளை நீக்கவும் முறைப்பாட்டாளருக்கு 5,000 டொலர் நட்டஈடு கொடுக்கவும் கட்டளையிட்டது.

கூகிளோடு நடக்கும் இழுபறி இன்னும் முடியவில்லை. கைவிடப்பட்ட குற்றச்சாட்டொன்று பற்றிய பழைய செய்திகள் தன் பெயரோடு வருவதாக ஒருவர் 2017 இல் முறையிட்டார். தேடுபொறிக்குத் தனியுரிமைச் சட்டம் பொருந்தும் என்று 2021 யூலையில் சமஷ்டி நீதிமன்றமும், 2023 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லின. 2025 ஓகஸ்டில் ஆணையாளர், அந்தச் செய்திகளைப் பெயர்த் தேடலிலிருந்து எடுக்கும்படி பரிந்துரைத்தார். கூகிள் மறுத்தது. கட்டளையிடும் அதிகாரம் ஆணையாளருக்கு இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் உறவினருக்கு இந்த உரிமை 2014 மே மாத ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்போடே வந்துவிட்டது. எங்கேயானாலும் செய்தி அழிவதில்லை. பெயரைத் தட்டினால் அது வராது, அவ்வளவுதான். செய்தி சொல்லும் உரிமையையும் காப்பாற்ற இது நடுவழி என்றே நினைக்கிறேன். வன்முறை செய்த அரசியல்வாதி இதே வழியால் தன் பழங்கதையை மறைக்க நாங்கள் விரும்பமாட்டோமே.

இன்னொரு வாசலை நாங்களே திறந்து வைத்திருக்கிறோம்: மரண அறிவித்தல். பிறந்த இடம், வாழ்ந்த இடங்கள், பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், யார் லண்டனில், யார் கிளிநொச்சியில், கடைசியில் கைபேசி இலக்கங்களும் வீட்டு விலாசமும். வங்கி கேட்கும் பாதுகாப்புக் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது. எங்களைப் போன்ற தளங்களும் இதற்குப் பொறுப்பு. துக்கம் விசாரிக்க இலக்கம் வேண்டும்தான். கிரியை முடிந்த பிறகு இலக்கங்களையும் விலாசத்தையும் எடுத்துவிடும்படி தளத்தாரிடம் கேட்கலாம். தொலைபேசி, விலாசம், வங்கிக் கணக்கு, அடையாள இலக்கம் காட்டும் தேடல் முடிவுகளை நீக்கும்படி கூகிளிடமும் படிவம் நிரப்பி விண்ணப்பிக்கலாம். ஆனால் முதலில் தளத்தில் எடுக்கவேண்டும். அங்கே இருக்கும்வரை வேறொரு தேடுபொறி அதைக் காட்டிக்கொண்டேயிருக்கும்.