கையளித்தல் வேறு, கைகழுவல் வேறு

எங்கள் வைத்தியசாலை விடுதிகளில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்லப்படும் சொல் ஒன்று இருக்கிறது: ‘பார்த்துக்கொள்ளுங்கோ.’ வைத்தியர் தாதிக்குச் சொல்வார். தாதி சிற்றூழியருக்குச் சொல்வார். சிற்றூழியர் கட்டிலடியில் நிற்கும் தாய்க்குச் சொல்லிவிட்டுப் போவார். எதைப் பார்ப்பது, எத்தனை மணிக்குப் பார்ப்பது, எதைக் கண்டால் ஓடிவந்து சொல்வது என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

தாதிய உத்தியோகத்தராகவும் பின்னர் விடுதிப் பொறுப்பாளராகவும் பல வருடங்கள் கடமையாற்றியவள் நான். அந்தச் சொல்லால் ஓர் உயிரை இழக்கப் பார்த்தவளும் நான்தான்.

யுத்த காலம். இரவு 7 மணி தொடக்கம் காலை 7 மணிவரையான கடமை. விடுதியில் கட்டில்கள் நிறைந்து தரையிலும் பாய் விரித்திருந்தோம். தாதியர் இருவர்தான். முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்ட இளைஞர் ஒருவர் அன்று மாலைதான் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து வந்திருந்தார். புதிய காயக்காரரை இறக்குகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் நின்ற சிற்றூழியரிடம், “அண்ணை, அந்தத் தம்பியை ஒருக்கா பார்த்துக்கொள்ளுங்கோ” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அவர் பார்க்காமல் விடவில்லை. மூன்று தடவை போய்ப் பார்த்தார். தம்பி நித்திரை. போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார். நான் திரும்பி வந்து போர்வையை விலக்கியபோது கட்டின் மேற்பக்கம் உலர்ந்துதான் இருந்தது. காலுக்குக் கீழே கையை விட்டேன். மெத்தை ஊறியிருந்தது. தம்பி நித்திரை கொள்ளவில்லை, மயங்கிக்கொண்டிருந்தார். திரும்பவும் கூடத்துக்குக் கொண்டுபோய், இரத்தம் ஏற்றி, ஒருவாறு தப்பவைத்தார்கள். “நோவோட கிடக்கிற பிள்ளையை எழுப்பக்கூடாது எண்டு நினைச்சன் மிஸ்ஸி” என்று அண்ணை அழுதார்.

பிழை அவருடையதல்ல. படுத்திருப்பவரின் காயத்திலிருந்து இரத்தம் கீழ்நோக்கித்தான் வடியும். மேற்கட்டைப் பார்த்தால் தெரியாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை.

பணிக் கையளிப்பு என்றால் என்ன?

தாதியத்தில் இதற்குப் பணிக் கையளிப்பு என்று பெயர். பதிவு பெற்ற தாதி, தன் பொறுப்பிலுள்ள ஒரு வேலையை இன்னொருவர் செய்யும்படி ஒப்படைப்பது. இதில் இரண்டு பொறுப்புகள் உண்டு. ஒன்று, வேலையைச் சரியாகச் செய்யும் பொறுப்பு. அது வேலையோடு சேர்ந்து மற்றவரிடம் போகிறது. மற்றையது, நோயாளிக்கு என்ன நடந்தது என்று பதில் சொல்லும் பொறுப்பு. அது தாதியிடமே நிற்கிறது. 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலங்கைத் தாதியர் சபைச் சட்டத்தின் கீழ் பதிவுபெறுவது தாதிதான். சிற்றூழியரோ நோயாளியின் உறவினரோ அல்லர்.

இது புதிய சிந்தனையல்ல. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859 இல் வெளியிட்ட தாதியம் பற்றிய நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். நீங்கள் நிற்கும்போது நடக்கும் பராமரிப்பு நீங்கள் இல்லாதபோதும் நடக்க ஒழுங்கு செய்யாவிட்டால், மற்ற நல்ல வேலையெல்லாம் வீணாகிவிடும் என்பதே அதன் சாரம். தாதியத் தலைமை என்பதை ஒரே வரியில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஐந்து ‘சரி’கள்

1990களில் அமெரிக்காவின் மாநிலத் தாதியர் சபைகளின் தேசியப் பேரவை, கையளிப்புக்கு முன் பார்க்கவேண்டிய ஐந்து விடயங்களை வகுத்தது. பல நாடுகளின் தாதியக் கல்வியில் இன்று அவை கற்பிக்கப்படுகின்றன.

முதலாவது, சரியான வேலை. குளிப்பாட்டுதல், உணவூட்டல், கட்டில் விரித்தல், நடக்க உதவுதல், குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து எழுதுதல் போன்றவற்றைக் கையளிக்கலாம். ஒழுங்கு முறை உள்ள, முடிவு முன்கூட்டியே தெரிந்த வேலைகள் இவை.

இரண்டாவது, சரியான சூழ்நிலை. நிலைமை சீராக உள்ள நோயாளிக்கு உணவூட்டுவதைக் கையளிக்கலாம். பாரிசவாதம் வந்து விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு முதல் நாள் உணவூட்டுவது அப்படியல்ல. வேலை ஒன்றுதான், ஆனால் சோறு சுவாசக் குழாய்க்குள் போகக்கூடும்.

மூன்றாவது, சரியான ஆள். பயிற்சி இருக்கிறதா, முன்பு செய்திருக்கிறாரா, அவர் தலையில் ஏற்கனவே எத்தனை வேலை கிடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

நான்காவது, சரியான அறிவுறுத்தல். என் இரவு சறுக்கியது இங்கேதான். நான் சொல்லியிருக்க வேண்டியது இது: “அண்ணை, கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா போங்கோ. போர்வையை விலக்கி, காலுக்குக் கீழே கையை விட்டு ஈரம் இருக்கோ எண்டு பாருங்கோ. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கோ. மறுமொழி இல்லாட்டி, குளிர்ந்து வியர்த்திருந்தால், ஈரம் கண்டால், நான் எங்க நிண்டாலும் வந்து கூப்பிடுங்கோ.” என்ன செய்வது, எப்போது, எதைக் கண்டால் கூப்பிடுவது ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. பிறகு, “நான் சொன்னதை ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கோ” என்று கேட்கவேண்டும். அது அவமதிப்பல்ல, பிழை விளங்கியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஐந்தாவது, சரியான மேற்பார்வை. கையளித்த வேலையைத் திரும்பிப் போய்ப் பார்ப்பது. சந்தேகத்தால் அல்ல, பதில் சொல்லும் பொறுப்பு எங்களிடம் இருப்பதால்.

இந்த ஐந்துக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. “எனக்கு இது தெரியாது” என்று கீழே உள்ளவர் பயமில்லாமல் சொல்லக்கூடிய விடுதியாக அது இருக்கவேண்டும். எங்கள் வைத்தியசாலைகளில் பதவிப் படிகள் உயரமானவை. ஏசுவார்கள் என்ற பயத்தில் தெரியாத வேலைக்கும் தலையாட்டுபவர்கள் அதிகம். ஏசுகிற பொறுப்பாளரின் விடுதியில் கெட்ட செய்தி பிந்தித்தான் வரும்.

கையளிக்கக் கூடாதவை

நோயாளியின் நிலையை மதிப்பிடுவதும், அதை வைத்து என்ன செய்வதென்று தீர்மானிப்பதும் தாதியின் வேலை. அளவைக் கருவியைப் பிடிக்க ஒருவரைப் பழக்கலாம். அந்த இலக்கம் இந்த நோயாளிக்கு எதைச் சொல்கிறது என்பதைக் கையளிக்க முடியாது. ஊசி மருந்து கொடுப்பதும் அப்படித்தான். இரத்தம் ஏற்றும்போது பையிலுள்ள விபரங்களை நோயாளியின் விபரங்களோடு ஒப்பிடுவது தகுதி பெற்றவர்களின் வேலை. இரத்தம் ஏறத் தொடங்கும் முதல் 15 நிமிடங்கள் மிகவும் கவனிக்கவேண்டியவை. கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும்.

எங்கள் நாட்டில் பலர் கையளிப்பென்றே நினைக்காத ஒன்றும் உண்டு: மொழிபெயர்ப்பு. தமிழ் தெரியாத தாதிக்கும் சிங்களம் தெரியாத நோயாளிக்கும் இடையில் சிற்றூழியரோ பக்கத்துக் கட்டில்காரரோ நின்று பேசுவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். ‘நெஞ்சு அடைக்குது’ என்பதும் ‘நெஞ்சு எரியுது’ என்பதும் அந்த இடைவழியில் ஒன்றாகிவிடக்கூடும். அங்கேயும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பது அவசியம்.

யுத்தம் அசைத்த வரம்பு

யுத்தம் இந்த வரம்புகளையெல்லாம் அசைத்தது. 2009 இல் புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலை இடம்பெயர்ந்துகொண்டே இருந்தபோது, குறுகிய பயிற்சியோடு வந்த தொண்டர்கள் தாதியரின் வேலையைச் செய்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. 1987 ஒக்டோபர் 21 இல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கொல்லப்பட்டவர்களில் வைத்தியர்களோடும் தாதியரோடும் சிற்றூழியரும் இருந்தார்கள். எங்கள் சுகாதார சேவை யாருடைய தோள்களில் நின்றது என்பதை அந்தப் பட்டியல் சொல்லும். அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஆபத்துக் காலத்தில் அசைந்த வரம்பு, ஆபத்து நீங்கியதும் தன் இடத்துக்குத் திரும்பவேண்டும். அது எல்லா இடத்திலும் நடக்கவில்லை. ‘அந்த நேரத்திலேயே செய்தவர்தானே’ என்ற பேச்சோடு, ஊசி முதல் மருந்து கட்டுதல் வரை பயிற்சியோ மேற்பார்வையோ இல்லாமல் கைமாறியதைக் கண்டிருக்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் சுகாதாரப் பணியாளர் பலர் நாட்டைவிட்டுப் போன நிலையில், இந்த ஆபத்து இன்னும் கூடியிருக்கிறது. ஆட்கள் குறையக் குறையக் கையளிப்பு கூடும்; அப்போதுதான் அதை ஒழுங்காகச் செய்யவேண்டிய தேவையும் கூடும்.

வீட்டுக்கு வரும் கையளிப்பு

யுத்தத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட பலர் இன்று வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களின் தாதி தாயோ, மனைவியோ, சகோதரியோதான். வைத்தியசாலை விட்டு வரும் நாளில் நடப்பதும் ஒரு கையளிப்பே. துண்டைக் கையில் கொடுத்து ‘பார்த்துக்கொள்ளுங்கோ’ என்று அனுப்புவது கைகழுவல்.

சரியாகச் செய்வதென்றால், வீட்டுக்குப் போகுமுன் அந்தத் தாயை விடுதியிலேயே செய்யவைத்துப் பார்க்கவேண்டும். படுக்கையிலிருப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டுவது, நாரியின் அடிப்பகுதியையும் இடுப்பெலும்புப் பக்கங்களையும் குதிக்கால்களையும் தினமும் பார்ப்பது, சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தபின்னும் சிவப்பு மாறாவிட்டால் படுக்கைப் புண்ணின் தொடக்கம் என்று அறிவது, சிறுநீர்ப் பையை எப்போதும் வயிற்று மட்டத்துக்குக் கீழே வைப்பது ஆகியவற்றை அவர் செய்துகாட்டவேண்டும்.

உறவினராகிய உங்களிடம் வேலை ஒன்றைத் தந்தால், தயங்காமல் நான்கு கேள்விகள் கேளுங்கள்: நான் என்ன செய்யவேண்டும்? எத்தனை மணிக்கு ஒருக்கா? எதைக் கண்டால் உங்களைக் கூப்பிடவேண்டும்? நீங்கள் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுவது? இதற்குப் பதில் கேட்பது உங்கள் உரிமை. சொல்லத் தெரியாத வேலையை நீங்கள் ஏற்கத் தேவையில்லை.

அந்த இரவுக்குச் சில மாதங்களின் பின், புதிதாக வந்த சிற்றூழியர் ஒருவருக்கு அதே அண்ணை கட்டிலடியில் நின்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: “முகத்தைப் பார்த்திட்டு வராதை. காலுக்குக் கீழே கையை விட்டுப் பார்.”