நாலு சில்லில் இழுப்பது இரண்டு

மாரி முடிந்த கையோடு கொழும்புப் பெடியள் பெரிய ஜீப்புகளில் எங்கள் பக்கம் காட்டுப்பாதை ஓட வருகிறார்கள். என் பட்டறை வாசலில் நிறுத்தி, "அங்கிள், இது ஃபோர்வீல், எங்கேயும் போகும்" என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். எங்கள் ஊரில் 'நாலு சில்லு' என்றால் ரக்ரர். 'இரண்டு சில்லு' என்றால் லான்ட்மாஸ்டர். அந்த நாலு சில்லிலும் இழுப்பது பின்சில்லு இரண்டுதான். முன்சில்லுக்குத் திரும்புகிற வேலை மட்டும். வன்னியை அரை நூற்றாண்டாகச் சுமந்தது அந்தப் பின்சில்லு இரண்டும்.

ஏறுவதற்கு இங்கே மலை இல்லை. எங்கள் ஏற்றம் குளக்கட்டு, எங்கள் பள்ளம் களி. ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை விடாது. குளம் வான் பாய்ந்தால் நேற்றிருந்த பாதை இன்றைக்கு ஆறு.

அந்தப் பாதைகளை முதலில் போட்டது மாட்டு வண்டில். மடுவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் சனம் பாலையும் முதிரையும் நின்ற காட்டுக்குள்ளால் வண்டில் கட்டித்தான் போனது. என் ஐயா வண்டில்காரர். அவர் எனக்குச் சொல்லித்தந்த முதற்பாடம் இது: "பழைய தடத்துக்குள்ள சில்லை விடாதை. நடுத்திட்டில ஒண்டு, ஓரப்புல்லில ஒண்டு வை." முன்னால் போன வண்டில்கள் கிண்டிய தடத்தில் இறங்கினால் அச்சு தரையில் முட்டும். பிறகு மாடு என்ன, யானை வந்தாலும் இழுக்காது.

1936 இல் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. பிறகு வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களின் கீழ் வயல் விரிந்தது. வயலோடு ரக்ரரும் வந்தது. எங்கள் பக்கம் பெயர் எடுத்தது மெசி பெர்குசன். அந்த மெசியையே உரிமம் பெற்றுச் சென்னையில் செய்த டாபேயும் பின்னர் வந்து சேர்ந்தது. லான்ட்மாஸ்டர் ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயர். ஜப்பான் குபோட்டா வந்த பிறகும் சனம் பெயரை மாற்றவில்லை.

மெசி 135 இல் வலக்காலடியில் இரண்டு பிறேக் மிதிகள் இருக்கும். இடச்சில்லுக்கு ஒன்று, வலச்சில்லுக்கு ஒன்று. ஒரு சில்லு சேற்றில் சும்மா சுழன்றால் அந்தப் பக்கப் பிறேக்கை மெல்ல அமத்தினால் போதும், பலம் மற்றச் சில்லுக்குப் போகும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு சில்லையும் ஒன்றாகப் பூட்டுகிற மிதி வேறாக இருக்கிறது. அதை மிதித்தபடி திருப்பக்கூடாது. பின்சில்லுகளுக்குக் குறுக்கே மரக்கட்டை கட்டி ஏற்றுகிறவர்களும் உண்டு. கட்டை சேற்றில் இறுகிச் சில்லு சுழலாமல் நின்றால், முன்பக்கம் நிமிர்ந்து ஓட்டுகிறவனுக்கு மேலேயே கவிழும். அப்படிப் போனவர்கள் உண்டு என்பதால் நான் யாருக்கும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் மருந்து மாதிரி ஆனது. மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் ஊசிக்குழாயால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நடு ஆற்றில் எஞ்சின் நின்று குளிர்ந்துவிட்டால் மறுபடி அந்த நாலு சொட்டு வேண்டும். அதனால் சேற்றில் நிற்காமல், வேகமும் எடுக்காமல், ஒரே சத்தத்தில் ஓட்டப் பழகினோம். புகைக் கரி படிந்த பிளக்கைக் கழற்றி அரத்தாளால் தேய்ப்பதில்தான் என் தொழிலே தொடங்கியது.

1997 மே 13 இல் ஜயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அடுத்த ஆண்டு செப்டெம்பர் முடிவில் மாங்குளம் படையினரிடம் போனது. அதனால் மல்லாவியிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போக அக்கராயன், முறிகண்டி, இரணைமடு என்று வடக்கே சுற்றவேண்டியிருந்தது. ஓடினது பாதி கிறவல், பாதி வண்டில் பாதை. ஒவ்வொரு ரக்ரர் பெட்டியிலும் மண்வெட்டி, காட்டுக்கத்தி, சங்கிலி கிடக்கும். புதைந்த வண்டியைக் கடந்து ஒருவரும் போகமாட்டார்கள். இழுத்துவிட்டுத்தான் போவார்கள், காசு வாங்குவதில்லை. நாளைக்கு இழுத்தவனின் வண்டியும் அதே இடத்தில் புதையும். முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுகிற வழக்கமும் நின்றதில்லை.

கடைசி யுத்தத்தில் மடுப் பக்கத்திலிருந்து முள்ளிவாய்க்கால் வரை சனம் ரக்ரர் பெட்டியில்தான் இடம்பெயர்ந்தது. கூரைத்தகடு, நெல்மூட்டை, கட்டில், கிழவி, குழந்தை எல்லாம் ஒரே பெட்டியில். 2009 மே மாதத்தில் ரக்ரர்களைக் கடற்கரை மணலில் விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்தோம்.

மீளக்குடியேறி ஊருக்கு வந்தபோது பாதையோரமெங்கும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். பழக்கதோஷத்தில் நான் சில்லை ஓரப்புல்லில் ஏற்றப் போனேன். மிதிவெடி அகற்றுகிற பெடியன் ஒருவன் கையைக் காட்டி மறித்து, "அண்ணை, தடத்துக்குள்ளயே விடுங்கோ. புல்லில சில்லு படக்கூடாது" என்றான். ஐயா சொன்னதற்கு நேர்மாறு. அன்றைக்கு அச்சு முட்டமுட்ட, பழைய தடத்துக்குள்ளேயே இரண்டு கட்டை தூரம் ஓட்டினேன். வாழ்நாளில் நான் ஓட்டிய மிகக் கடினமான பாதை அதுதான்.

வெடி எடுக்கும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. ஆகவே ஜீப்பில் வருகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்லுவேன். உங்கள் வண்டியில் நாலு சில்லும் இழுக்கும், சந்தோஷம். ஆனால் புல்லில் சில்லை ஏற்ற முன்னம், அந்தப் பக்கம் மாடு மேய்க்கிற ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் "வேண்டாம்" என்றால் திரும்பிப் போங்கள்.