கெடு தவறாத கர்னல் பிறந்த கதை

2024 செப்டம்பரில் வியன்னாவில் லினக்ஸ் நிரலாளர்கள் கூடியிருந்தார்கள். அங்கே ரியல்-டைம் முயற்சியை முன்னின்று நடத்திய தாமஸ் கிளைக்ஸ்னர், தங்க நிறத் தாளில் சுற்றிய ஒன்றை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கையில் கொடுத்தார். உள்ளே அச்சடித்த ஒரு விண்ணப்பம். ரியல்-டைம் கர்னலின் கடைசித் துண்டையும் தாய் லினக்ஸில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டது அது. செப்டம்பர் 20 அன்று சேர்த்தாயிற்று. நவம்பர் 17 அன்று வெளியான 6.12 பதிப்பில் அது எல்லோர் கைக்கும் வந்தது. அந்த இடத்துக்கு வந்து சேர இருபது ஆண்டுகள் பிடித்தன.

கர்னல் என்பது கணினியின் வேலைகளை வரிசைப்படுத்தும் மைய நிரல். ரியல்-டைம் கர்னலிடம் நாம் எதிர்பார்ப்பது வேகத்தைவிட நாணயத்தை. இந்த வேலையை இத்தனை மைக்ரோ நொடிக்குள் தொடங்கு என்றால், வேறு எவ்வளவு வேலை குவிந்து கிடந்தாலும் தொடங்கியாக வேண்டும். வெல்டிங் செய்யும் ரோபோவின் கைக்கு ஆயிரம் முறை கட்டளை சரியாகப் போய், ஒருமுறை தாமதமானால் பொருள் பாழ். சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. மிக மோசமான அந்த ஒரு தடவையில் எவ்வளவு தாமதம் என்பதே கணக்கு.

சாதாரண லினக்ஸ் அப்படி வாக்குக் கொடுக்காது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் விக்டர் யோடைகனும் மைக்கேல் பராபனோவும் ஒரு வழி கண்டார்கள். லினக்ஸுக்கு அடியில் சின்னஞ்சிறு கர்னல் ஒன்றை வைத்து, லினக்ஸையே அதன் கடைசி முன்னுரிமை வேலையாக ஓட்டினார்கள். ஆர்டி-லினக்ஸ் என்று பெயர். கெடு காப்பாற்றப்பட்டது. ஆனால் அவசர வேலைக்கான நிரலைத் தனியாக எழுத வேண்டும். லினக்ஸின் வழக்கமான வசதிகள் அதற்குக் கிடைக்காது. அந்த முறைக்குக் காப்புரிமையும் வாங்கப்பட்டது.

2004 அக்டோபரில் கதை திரும்பியது. லினக்ஸையே திருத்தி ரியல்-டைம் ஆக்கும் திருத்தத் தொகுப்பை, அதாவது பேட்ச் ஒன்றை, மான்டாவிஸ்டா நிறுவனம் வெளியிட்டது. சில நாட்களுக்குள் ஹங்கேரியைச் சேர்ந்த இங்கோ மோல்னார் தம்முடைய வடிவத்தைக் கொண்டுவந்தார். கிளைக்ஸ்னரும் ஸ்டீவன் ராஸ்டெட்டும் உடன் சேர்ந்தார்கள். பிரீஎம்ப்ட்-ஆர்டி பிறந்தது இப்படித்தான்.

அவர்கள் கைவைத்த இடம் கர்னலின் பூட்டுகள். ஒரு வேலை பூட்டைப் பிடித்திருக்கும்போது அதை யாரும் குறுக்கிட முடியாது என்பதே தாமதத்தின் வேர். பெரும்பாலான பூட்டுகளை, பிடித்தவரையே நிறுத்திவைக்கக்கூடிய வகைக்கு மாற்றினார்கள். வன்பொருளின் குறுக்கீடுகளைக் கையாளும் நிரல்களையும் முன்னுரிமை வரிசைக்குள் கொண்டுவந்தார்கள். அதோடு முன்னுரிமைக் கடன். ஒற்றைவழிப் பாலத்தில் லாரி ஊர்கிறது, பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கிறது என்றால், பாலத்தைக் கடக்கும்வரை ஆம்புலன்ஸின் உரிமையை லாரிக்கே கொடுப்பது போன்றது இது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரின் கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இந்த ஏற்பாடு அணைத்து வைக்கப்பட்டிருந்ததால்தான். பூமியிலிருந்து அதை இயக்கிவிட்ட பிறகே சிக்கல் தீர்ந்தது.

மொத்தமாக ஏற்கக்கூடிய அளவில் அந்த பேட்ச் இல்லை. துண்டு துண்டாக நுழைந்தது. 2006இல் முன்னுரிமைக் கடன், 2007இல் நுண்ணிய டைமர்கள், 2009இல் குறுக்கீட்டு நிரல்கள், 2021இல் பூட்டுகள். அவற்றில் பலவும் ரியல்-டைம் தேவைப்படாத கணினிகளுக்கும் பயன்பட்டன. கடைசியில் நின்றது பிரின்ட்-கே. திரையில் ஒரு வரிச் செய்தி எழுதும் அந்தச் சின்ன வேலைதான் கெடுவைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதைச் சீர்செய்ய ஜான் ஆக்னஸ் பல ஆண்டுகள் உழைத்தார்.

எல்லாம் தாய் லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டதன் அருமை அந்தமானில் தெரியும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் இயங்கத் தொடங்கும்வரை, தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. சுருக்கிய நிலையிலும் பெரிதாக இருக்கும் கர்னல் மூலத்தை இறக்குவதே அன்று பெரிய காரியம். பதிப்புக்குப் பொருந்தும் பேட்சைத் தேடி ஒட்டுவது அதற்கு மேல்.

இன்று அந்தமான் தீவில் ஒரு மாணவர் மூலத்தை இறக்கி, கர்னலின் தேர்வுப் பட்டியலான மெனுகான்ஃபிக்கைத் திறந்து, எக்ஸ்பர்ட் வசதியை இயக்கினால் ரியல்-டைம் தேர்வு கண்ணில் படும். தனி பேட்ச் வேண்டாம். கம்பைல் முடிய சாதாரண லேப்டாப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மாட்யூல்களையும் கர்னலையும் நிறுவி ரீபூட் செய்து, யூநேம் -a கட்டளை கொடுத்தால் பதிலில் பிரீஎம்ப்ட்_ஆர்டி என்று இருக்க வேண்டும். பழைய கர்னலை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது; புதியது பூட் ஆகாவிட்டால் அதுதான் காப்பாற்றும். பிறகு தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்டை ஓடவிட்டு, மெஷினுக்கு வேண்டுமென்றே சுமை ஏற்றி, அதிகபட்சத் தாமதம் என்ற எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். நல்ல மெஷினில் அது சில பத்து மைக்ரோ நொடிகளில் நிற்கும்.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் துருவக் கடலுக்கென உருவாக்கிய 'ப்ரோவ்' என்ற நீர்மூழ்கி ரோபோ, அந்தமான் பவளப் பாறைகளுக்கிடையிலும் இறங்கியது. நீரோட்டம் தள்ளத் தள்ள ஒரே இடத்தில் நிற்க வேண்டிய இப்படிப்பட்ட ரோபோவைத் தானே செய்து பார்க்க நினைக்கும் மாணவருக்கு, மோட்டார் கட்டளைகள் கெடு தவறாமல் போக இந்தக் கர்னல் போதும்.

கெடு தவறினால் என்ன ஆகும் என்று இந்தத் தீவுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.28க்கு நிலம் அதிர்ந்தது. சில நிமிடங்களில் நிக்கோபாரில் சுனாமி அலை ஏறியது. சென்னையை அலை தொட ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் இருந்தும், எச்சரிக்க நம்மிடம் ஒரு மையம் இல்லை. ஹைதராபாத்தில் அது அமைந்தது 2007 அக்டோபரில்தான். அங்கே கணக்கு நிமிடங்களில், கர்னலில் மைக்ரோ நொடிகளில். ஆனாலும் கெடு கடந்து வரும் சரியான விடை இரண்டு இடத்திலும் தவறான விடையே.

ரியல்-டைம் நிரலாளர்களுக்கு எளிய வழி இருந்தது: லினக்ஸிலிருந்து பிரிந்து தனிக் கர்னலாக விற்றிருக்கலாம். அப்படிச் செய்யாமல் எல்லோருக்கும் பொதுவான கர்னலையே ஒவ்வொரு பூட்டாகச் செப்பனிட்டார்கள். ஜெர்மனியின் தொழிற்சாலைக்குக் கிடைப்பது அதே நாளில், அதே விலையில்லா விலையில், அந்தமான் மாணவருக்கும் கிடைக்கிறது என்றால் அந்த இருபது ஆண்டுப் பொறுமையே காரணம்.