மூட்டுவாதமும் மூடிவைத்த மருந்தும்

மருதமுனை முதல் பொத்துவில் வரை நீளும் கீழைக் கரையோரத்தில் 'வாதம்' என்ற சொல்லை அறியாத வீடு இல்லை. விடியற்காலையில் விரல்கள் மடங்க மறுத்தால் அது வாதம். நள்ளிரவில் கால் பெருவிரல் நெருப்பாய் எரிந்தால் அதுவும் வாதம். முதுமையில் முழங்கால் தேய்ந்து நொந்தாலும் வாதமே. ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. நமது வைத்திய வரலாற்றின் பெருமையும் அவலமும் இந்தப் பெயர் மயக்கத்தோடு பின்னிக் கிடக்கின்றன.

இக்கரையின் முஸ்லிம் ஊர்களில் இரண்டு வைத்திய மரபுகள் கலந்தன. ஒன்று, ஏட்டு வாகடங்களின் வழியே வந்த தமிழ் வைத்தியம். வாதம், பித்தம், கபம் என மூன்றைக் கொண்டு உடலை விளக்குவது. மற்றது, இரத்தம், சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கைக் கொண்டு விளக்கும் யூனானி. 'யூனான்' என்பது அரபு மொழியில் கிரேக்க நாட்டின் பெயர். கிரேக்க மருத்துவ நூல்களை 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலிய அறிஞர்கள் மொழிபெயர்த்தனர். அல்ராஸியும் இப்னு சீனாவும் (980–1037) அவற்றைத் தம் அனுபவத்தால் விரித்தனர். பின்னர் அந்த அறிவு இந்துமாக்கடலைக் கடந்தது. கண்டி மன்னரின் அரண்மனையில் கோபால முதலியார் மரபைச் சேர்ந்த முஸ்லிம் வைத்தியர்கள் பணியாற்றினர். தமிழ் முஸ்லிம்கள் அரபுத்தமிழிலும் மருத்துவ நூல்கள் எழுதினர். ஆகவே 'சுதேச வைத்தியம்' என்று நாம் வேலியிட்டுக் காக்கும் செல்வம் உண்மையில் பல நாட்டு மக்கள் கூடி ஆக்கிய பொதுச்சொத்தாகும்.

யூனானி வைத்தியர் மூட்டு நோவுக்குத் தரும் சரக்குகளுள் தலையாயது சூரிஞ்சான் என்னும் கிழங்கு. 6ஆம் நூற்றாண்டிலேயே திரால்லஸ் ஊரைச் சேர்ந்த அலெக்சாந்தர் என்ற வைத்தியர் இவ்வகைக் கிழங்கை மூட்டு நோவுக்குக் கொடுத்தார். இப்னு சீனாவும் அதைக் குறித்துள்ளார். 1820இல் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு இரசாயன அறிஞர்கள் அதே இனக் கிழங்கிலிருந்து செயற்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே கொல்கிசின். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து மூட்டில் படிகமாய்த் தங்க, அதனை எதிர்த்து வெள்ளணுக்கள் திரள்வதால் எழும் அழற்சியை அம்மருந்து தணிக்கிறது. அளவு மிஞ்சினால் உயிரையும் வாங்கும். ஹகீமின் மருந்துப் பெட்டியில் இருந்தது மூடநம்பிக்கை அன்று என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயின் இச்சான்று இருபுறமும் வெட்டுவது. கொல்கிசின் யூரிக் அமில வாதத்துக்கே உரியது. விரல் மூட்டுகளைக் கோணலாக்கும் முடக்குவாதத்தை அது தடுப்பதில்லை. முடக்குவாதத்தில் உடலின் காவற்படையே மூட்டின் உட்சவ்வைத் தன் பகையெனக் கருதித் தாக்குகிறது. ஆல்பிரட் கரொட் என்ற ஆங்கில மருத்துவர் 1848இல் இரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் காட்டி, 1859இல் முடக்குவாதத்துக்குத் தனிப் பெயரும் இட்டபின்னரே இவ்விரண்டின் வேறுபாடு தெளிந்தது. எல்லாம் 'வாதம்' என்னும் ஒரே பெயரில் நின்றால், ஒருவரைத் தேற்றிய மருந்தை மற்றொருவர் வீணே விழுங்கிக் காலத்தை இழப்பார்.

இந்தப் பழைய கிழங்கின் கதை பாக்தாதிலோ பாரிசிலோ முடியவில்லை. 2009இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பனி கொல்கிசினுக்குத் தனி விற்பனை உரிமை பெற்றது. அதன்பின் சுமார் 9 சதத்துக்கு விற்ற மாத்திரை ஏறத்தாழ 5 டொலர் ஆயிற்று. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக வைத்தியர் கைமாற்றித் தந்த மருந்து ஒரே நாளில் முதலாளியின் உடைமையாகிவிட்டது!

கொள்ளை இலாபக்காரனை வைவது எளிது. நமது வீட்டுக்குள் நடந்த மறைப்பையும் நாம் ஆராய வேண்டும். பரம்பரை வைத்தியர் தம் எண்ணெயின் சேர்மானத்தை மகனுக்கன்றி மற்றவருக்குச் சொல்லார். இது அவரது குணக்கேடு அன்று, அவரது பொருளாதாரம். குடியேற்ற ஆட்சி 1870இல் கொழும்பில் மேலை மருத்துவக் கல்லூரியைத் திறந்து, அதில் பயின்றோருக்குச் சம்பளமும் பதவியும் தந்தது. பரிசாரியாருக்கோ சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அவருக்கிருந்த ஒரே முதல் அந்த இரகசியமே.

1929இல் பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றையும் கற்பிக்கத் தொடங்கியது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இம்முறைகளை ஒரே குடைக்கீழ்க் கொணர்ந்து, வைத்தியர் பதிவுக்கு வழி செய்தது. அம்பாறை தனி மாவட்டமானதும் அதே 1961இல்தான். இன்று நிந்தவூரில் ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலையும் இயங்குகிறது. இவை மக்கள் பெற்ற வெற்றிகளே. எனினும், வைத்தியரைப் பதிவு செய்வது ஒன்று. மருந்தைச் சோதிப்பது வேறொன்று.

சோதனையில்லாத இடத்தில் வஞ்சகம் நுழைகிறது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் முடக்குவாதத்தால் படுக்கையிற் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு கோர்ட்டிசோன் ஊசி போடப்பட்டது. சில நாளில் அவர் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது, 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. விரைவிலேயே அதன் மறுபக்கம் வெளிப்பட்டது. நெடுங்காலம் உட்கொண்டோரின் எலும்பு மெலிந்தது, முகம் வீங்கியது, சர்க்கரை ஏறியது. மேற்பார்வையோடு அளந்து கொடுத்தாற் பயன் தரும் அந்த இரசாயன வகையைத்தான் இன்று ஆசிய நாடுகளில் சிலர் 'மூலிகைச் சூரணம்' என்ற பெயரில் கலந்து விற்கின்றனர். மூன்றே நாளில் வீக்கம் வற்றச் செய்யும் பெயரில்லாத் தூள் எதுவாயினும், அதைக் கண்டு மகிழுமுன் ஐயுற வேண்டும்.

முடக்குவாதத்துக்கு இன்று முதன்மையான மருந்து மெத்தோட்ரெக்சேட். அதன் முன்னோடியான அமினோப்டெரின் மூட்டு அழற்சியைத் தணிப்பதை 1951இலேயே குப்னர் என்ற மருத்துவர் அறிவித்தார். ஆயினும் முறையான பெரிய ஆய்வுகள் 1980களிலேதான் வந்தன. வாரம் ஒருமுறை மட்டும், இரத்தச் சோதனையோடு கொள்ள வேண்டிய மருந்து இது, கருவுற்றோருக்கு ஆகாது. மலேரியா மருந்தின் வழிவந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் துணை நிற்கிறது. இவை பலன் காட்டப் பல வாரங்கள் ஆகும். அதனிலும் முக்கியம், நோய் தொடங்கிய முதற் சில மாதங்களுக்குள் இவற்றைத் தொடங்குவதே. சிதைந்த மூட்டைப் பழைய நிலைக்குக் கொணர எந்த மருந்தாலும் இயலாது.

இங்கேதான் உழைப்பின் கேள்வி எழுகிறது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. நெல் நாற்றைப் பிடுங்குவதும், மருதமுனையில் தறியிற் கை ஓட்டுவதும், வளைகுடா நாட்டு வீடுகளில் துணி துவைப்பதும் இந்தக் கரையின் பெண் கைகள். எண்ணெய் தேய்த்தல், கருஞ்சீரகம், ஹிஜாமா என எதிலாவது சற்று ஆறுதல் கிடைத்தால் அவள் மறுநாளும் வேலைக்குச் செல்லலாம். பெரிய வைத்தியசாலைக்குச் சென்றால் அன்றைய கூலி போயிற்று. இலவச மருத்துவம் உள்ள நாட்டிலும் கூலியிழப்புக்கு ஈடு செய்வார் இல்லை. அவள் ஹகீமை நாடுவது அறியாமையால் அன்று. அவர் அவள் மொழியிற் பேசுகிறார். மாலையிலும் கதவைத் திறந்து வைக்கிறார். அவளது நோவை உட்கார்ந்து கேட்கிறார். இந்தப் பண்பை அரச வைத்தியசாலைகளும் கற்றுக்கொள்ளட்டும்.

எனவே மேலை மருத்துவமா, கீழை மருத்துவமா என்ற பட்டிமன்றம் நமக்கு வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இம்மருந்தில் என்ன இருக்கிறது? எந்த வாதத்துக்கு அது உதவும் என்று யார், எவ்வாறு சோதித்தனர்? குணமாகும் வரை ஓய்ந்திருக்க நோயாளிக்கு வழி உண்டா? முதலிரு கேள்விகளுக்கு விடை தரப் பரம்பரை வைத்தியர் தம் சுவடியைத் திறக்க வேண்டும். அதனால் அவர் பிழைப்பு கெடாதபடி அரசு அவரைத் தாங்க வேண்டும். மூன்றாம் கேள்விக்கு எந்தச் சுவடியிலும் விடையில்லை. அதனை உழைக்கும் மக்களின் ஒன்றுபட்ட கோரிக்கையே பெற்றுத் தரும்.

இக்கரையின் ஆசிரியர்களும் மாணவர்களும் தம் ஊரில் இதனைத் தொடங்கலாம். ஆறு வாரத்துக்கு மேல் காலையில் விரல் விறைத்து மூட்டு வீங்கினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்ற ஒரு செய்தியை வீடுதோறும் சொல்லுங்கள். ஒரு தாயின் பத்து விரல்கள் பிழைக்குமாயின் அந்த வரலாறும் எழுதத் தக்கதே.