கடலுக்கடியில் ஓர் ஆறு

1929ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள். வட அட்லாண்டிக் கடலில் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலம் அதிர்ந்தது. அதிர்ச்சி மையத்தை அடுத்துக் கிடந்த தந்திவடங்கள் உடனே அறுந்தன. அதில் வியப்பில்லை. ஆனால், தொலைவில் ஆழ்கடலில் கிடந்த வடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, 13 மணி நேரத்திற்கும் மேலாக அறுந்துகொண்டே போயின. அவற்றை அறுத்தது எது?

விடை மெல்லத்தான் கிடைத்தது. சேறு கலந்த நீர் தெளிந்த நீரைவிடக் கனமானது. அது சரிவில் பாய்ந்து கடலடியில் பள்ளத்தாக்குகளை அரிக்கக்கூடும் என்றார் டேலி என்னும் அறிஞர் (1936). டச்சு அறிஞர் கூனன் தொட்டியில் சேற்றுநீரைப் பாய்ச்சி இதை ஆராய்ந்தார். 1952இல் ஹீசன், யூயிங் இருவரும் வடங்கள் அறுந்த நேரங்களை வரிசைப்படுத்தி, அறுத்தது இத்தகைய கலங்கல் நீரோட்டமே என்று விளக்கினர்.

இவ்வோட்டத்தின் வழித்தடம் எவ்வாறு உருவாகிறது? தைவான் தீவைப் பாருங்கள். அங்கே இரு புவித்தட்டுகள் மோதுவதால் மலைகள் இன்றும் உயர்ந்து வருகின்றன. புயல்மழை அவற்றைக் கரைக்கிறது. காவ்பிங் ஆறு அந்த மண்ணைக் கடலில் சேர்க்கிறது. ஆற்றின் முகத்துவாரத்திற்கு அருகிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு, சுமார் 260 கிலோமீட்டர் சென்று மணிலா அகழியை அடைகிறது.

முதலில் இத்தடம் ஆற்றைப்போல் வளைந்து செல்கிறது. பின்னர் திடீரெனத் தென்கிழக்கே திரும்புகிறது. மலையை எழுப்பும் அதே அழுத்தம் கடலடிப் பாறைகளையும் மடித்து, பிளந்து, உயர்த்துகிறது. ஓட்டம் அந்தப் பிளவை ஒட்டியே வழி தேடிக்கொண்டது. மண்ணைத் தருவதும் மலையாக்கம். வழியை மாற்றுவதும் மலையாக்கமே!

2006 டிசம்பர் 26ஆம் நாள் தைவானின் தென்மேற்கே நிலம் நடுங்கியது. கலங்கல் ஓட்டம் பாய்ந்து பல வடங்களை அறுத்தது. கிழக்காசியாவில் இணையத் தொடர்பு தடுமாறியது. 2009 ஆகஸ்டில் மொரகோட் புயல் வீசியபோது நிலநடுக்கம் ஏதுமின்றி, ஆற்று வெள்ளமே ஓட்டத்தைத் தொடங்கி வைத்தது. வெள்ளம் தணிந்த சில நாட்களில், புதிதாகப் படிந்த சேறு சரிந்து இரண்டாவது ஓட்டம் எழுந்தது. அதுவே ஆழ்கடல் வடங்களை அறுத்தது.

கண்டங்களுக்கிடையே செல்லும் செய்திகளில் மிகப் பெரும்பகுதி இன்றும் கடலடி வடங்கள் வழியாகவே செல்கிறது. ஆகவே, வடம் பதிப்போர் கடலின் ஆழத்தை அளந்தால் மட்டும் போதாது. கரையில் நிற்கும் மலையையும் அறிந்திருக்க வேண்டும்.