ஆண்கள் இல்லாத முற்றம்: டோம்கச்சும் அரங்க வரலாறும்

பிகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் போஜ்புரி பேசும் ஊர்களில், ஒரு திருமணம் ஒரே இரவில் இரண்டு அரங்குகளை உருவாக்கியது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் 'பராத்' எனப்படும் ஊர்வலமாகப் பெண்ணின் ஊருக்குச் செல்வர். அங்கே பந்தலின் கீழ் 'லவுண்டா நாச்' நடைபெறும். பெண்வேடமிட்ட ஆண்கள் ஆடுவர். அதே இரவில், ஆண்கள் நீங்கிய மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில், ஆண்வேடமிட்ட பெண்கள் ஆடுவர். பின்னதன் பெயர் டோம்கச். ஒன்றுக்கொன்று கண்ணாடி போன்ற இவ்விரண்டனுள் முதலாவதே பெரிதும் வரலாறாயிற்று.

அதற்குக் காரணம் உண்டு. லவுண்டா நாச்சுக்குக் குழு உண்டு, கூலி உண்டு, ஆசிரியர் உண்டு. சாரண் மாவட்டத்தில் நாவிதர் குடும்பத்தில் பிறந்த பிகாரி டாக்குர் (1887–1971) அவ்வடிவத்தை நாடகமாக வளர்த்தார். பிழைப்புக்காகக் கல்கத்தா சென்ற கணவனை எண்ணி வாடும் மனைவியை 'பிதேசியா' பேசியது. முதியவருக்கு விற்கப்படும் மகளை 'பேட்டி பேச்வா' பேசியது. அவருடைய குழுவில் ஆடிய ராம்சந்திர மாஞ்சிக்கு 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்த மரபின் பெருமை ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் அங்கே பெண்ணின் துயரைச் சொன்ன உடல் ஆணின் உடல்.

டோம்கச்சுக்கு எழுதிய பிரதி இல்லை, ஆசிரியர் இல்லை, கூலியும் இல்லை. அவத் பகுதியில் நக்டா, ஹரியானாவில் கோடியா, ராஜஸ்தானில் டூண்டியா என்று இதையொத்த நிகழ்வுகள் வட இந்தியா முழுவதும் உண்டு. பெண்கள் பராத்தில் செல்லும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. ஆண்களற்ற வீட்டைக் கள்வரிடமிருந்து காக்க விழித்திருக்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நடைமுறைக் காரணம். ஆனால் விழித்திருக்கப் பாட்டு மட்டுமே போதும். முற்றத்தில் நடந்ததோ முழு அங்கதம். ஒருத்தி வேட்டி கட்டிக் கணவனாவாள், இன்னொருத்தி காவலராவாள், மற்றொருத்தி மருத்துவராகி வயிற்றில் துணி கட்டியவளுக்குப் பேறு பார்ப்பாள். காமமும் வசையும் தடையின்றிப் பேசப்படும். கணவனின் பெயரை உச்சரிக்கக் கூடாதவள், மாமனார் முன் முக்காடு விலக்காதவள், அன்றிரவு அவர்களுடைய நடையையும் குரலையும் அவர்கள் வீட்டிலேயே நடித்துக் காட்டினாள்.

இங்குதான் இடம் பொருள் பெறுகிறது. வானம் பார்த்த அந்த முற்றம் வெறும் மேடையன்று. மருமகள் பகலெல்லாம் தலை குனிந்து உழைத்த இடமே இரவில் அரங்காயிற்று. ஆண்களின் இன்மைதான் அதன் திரை. பார்வையாளரும் நடிப்பவரும் அங்கே ஒருவரே. எனவே டோம்கச்சை வேறு இடத்திற்கு மாற்றும்போது பாடலும் ஆடையும் உடன் வரலாம். அதற்கு அனுமதி அளித்த சூழல் வராது.

ஆனால் இந்த விடுதலையையும் வரம்பின்றிப் போற்றுதல் பிழையாகும். பெயரிலேயே ஒரு சாதி இருக்கிறது. டோம் என்பது சாதி அடுக்கின் அடியில் தள்ளப்பட்ட சமூகம். டோமும் அவன் மனைவியும் இந்நிகழ்வின் வழக்கமான வேடங்கள். வீட்டு ஆணைக் கேலி செய்யத் துணிந்த பெண், அக்கேலிக்குரிய கட்டற்ற உடலைத் தனக்குக் கீழே வைக்கப்பட்ட சாதியிடமிருந்து கடன் பெற்றாள். ஓர் அடுக்கு கவிழ்ந்த இரவில் மற்றோர் அடுக்கு அப்படியே நின்றது.

முன்பு மூன்று நாள் தங்கிய பராத் இன்று ஓரிரவில் திரும்புகிறது. பெண்களும் உடன் செல்கின்றனர். திருமணம் மண்டபத்திற்கு நகர்ந்துவிட்டது. பெண்ணின் நடமாட்டம் விரிந்தது நன்மையே. அந்த நன்மையே டோம்கச்சின் இரவைக் கரைத்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்த போஜ்புரி மக்களின் வழி மொரீசியசில் நிலைத்த மணமுன் சடங்கு கீத் கவாய். மணவீட்டில் உறவுப் பெண்களும் அண்டை வீட்டுப் பெண்களும் கூடி நடத்திய அதனை யுனெஸ்கோ 2016இல் மனித குலத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று அது பொது மேடைக்கும் வந்துவிட்டது, ஆண்களும் பங்கேற்கின்றனர். வடிவம் பிழைத்தது, மூடிய வட்டம் திறந்தது.

குளோரியா ராஹேஜாவும் ஆன் கோல்டும் 1994இல் வெளியிட்ட நூல், முக்காட்டுக்குள் இருக்கும் பெண்கள் தம் பாடல்களில் ஆதிக்கத்தைக் கேள்வி கேட்டதை விரிவாகக் காட்டியது. பாடலைக் குறித்துக்கொள்ள முடியும். ஒரு மாமியாரின் முன் மருமகள் மாமனாராக நடந்து காட்டியபோது எழுந்த சிரிப்பைக் குறிப்பது கடினம். ஒளிப்பதிவுக் கருவி நுழைந்த கணமே அந்த முற்றம் மூடியதாக இராது. எனவே ஆவணமாகக் கைக்கு வருவதை மட்டும் அரங்கம் என்று கொள்ளும் ஆய்வு, பார்க்க அனுமதிக்கப்பட்டோரின் வரலாற்றையே மீண்டும் எழுதும். அம்முற்றங்களில் ஆடிய மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். யார் எந்த வேடம் கட்டினார்கள், யாரைப் பார்த்துச் சிரித்தார்கள், எந்தச் சாதிப் பெண் எங்கே அமர்ந்தாள் என்பவற்றை அவர்களிடம் கேட்டறிய எஞ்சியிருக்கும் காலம் குறைவு.